ஐந்து கழித்தல் மூன்று

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. நான்காம் கொட்டகை. நேரம் காலை 8.40. இருமல்: 5 – 3.

கொட்டகைக் கதவருகே ஆணியில் தொங்கும் அட்டையில் அன்றைய வரி இவ்வளவுதான். அதற்கு மேலே உள்ள வரிகளில் எல்லாம் ஒரே ஒரு எண்தான்: 2, 1, 2, 0, 2. இந்த ஒரு வரியில் மட்டும் கழித்தல் குறி. அந்தப் பன்றிப் பண்ணையில் அதுவரை யாரும் இருமலைக் கழித்து எழுதியதில்லை. எழுதியவருக்கு வயது நாற்பத்து மூன்று. பண்ணையில் அவரைக் கூப்பிடுவது கயிறக்கா என்று.

கழிக்கப்பட்ட மூன்றும் அவருடைய இருமல்.

அவர் கழிக்காமல் விட்டிருந்தால் யாரும் அந்த அட்டையை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள். கழித்ததால், நான்காம் கொட்டகையில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகள் இருக்குமா போகுமா என்ற கேள்வி மூன்று வாரத்துக்கு அந்த அட்டையிலேயே தொங்கியது.

பெயருக்குக் காரணம் பருத்திக் கயிறு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு கொட்டகையிலும் பன்றியின் தோள் உயரத்துக்கு ஆறு கயிறுகளைத் தொங்கவிடுவார். பன்றிகளுக்கு எதையாவது மெல்லாமல் இருக்க முடியாது. அரைமணி நேரத்தில் கயிறு முழுக்க எச்சிலில் ஊறிவிடும். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, வெளியிலிருந்தே பிழிந்து, பையின் மூலையை வெட்டிக் குழாய்க்குள் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பன்றியையும் பிடித்து மூக்குக்குள் பஞ்சு விட்டால் பன்றி அலறும், ஆளின் இடுப்பு உடையும். கயிறு என்றால் அவையே ஓடி வரும். நான்காம் கொட்டகையில் காது கிழிந்த ஒன்று உண்டு. கயிற்றை இவர் கட்டி முடிப்பதற்குள் மறுமுனையைக் கவ்விவிடும்.

கயிற்றை விட முக்கியமான வேலை எண்ணுவது. செவ்வாயும் வெள்ளியும் கொட்டகைக்குள் போய், கைதட்டிப் பன்றிகளை எழுப்பி, அவை அடங்கும் வரை ஒரு நிமிடம் பொறுத்து, அப்புறம் மூன்று நிமிடம் அசையாமல் நின்று இருமலை எண்ண வேண்டும். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒரு எண். ஆட்கள் அதை டிக்டிக் என்பார்கள். நானூறு பன்றிகள் உறுமி, முட்டி, தண்ணீர்க் குழாயைக் கடித்துக்கொண்டிருக்கும் இரைச்சலில் இருமலை மட்டும் பிரித்தெடுக்கக் காது வேண்டும். கயிறக்காவுக்கு அந்தக் காது பாட்டில் தொழிற்சாலையில் கிடைத்தது. இருபதிலிருந்து இருபத்தொன்பது வயது வரை அங்கே வேலை. ஓடுகிற பட்டையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரும். விரிசல் விட்டதைக் கண் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் பிடித்து, டிக்டிக்கை அழுத்துவார். அந்தத் தொழிற்சாலையை மூடியதும் கட்டைவிரலும் காதுமாகப் பண்ணைக்கு வந்தார். பதினான்கு வருடம் ஆகிறது.

இதில் ஒரு சிக்கல். பழகிய விரல் சொன்ன பேச்சுக் கேட்காது. யார் இருமினாலும் அழுத்தும். கையில் கருவி இல்லாவிட்டாலும் அசையும்.

மார்ச் 9, ஞாயிறு மதியம், வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சு இது. அவர் கணவர் பஸ் கண்டக்டர்.

"ஏங்க, இதோட பதினேழு."

"என்ன பதினேழு?"

"நீங்க சாப்பிட உட்கார்ந்ததுல இருந்து இருமினது."

"புருஷன் இருமினா தண்ணி எடுத்துக் குடுப்பாங்க. நீ டிக்கெட் கிழிக்கறியா?"

"தண்ணி உங்க எதிர்லதான் இருக்கு. காய்ச்சல் இருக்கா?"

"எட்டு நடை போயிட்டு வர்றேன். ஒவ்வொரு நடைக்கும் நூறு பேர். அத்தனை பேரும் சொல்லி வச்ச மாதிரி என் மூஞ்சியிலதான் இருமுறாங்க. கண்டக்டர்னா அவங்களுக்கு ஜன்னல்னு நெனப்பு."

அவருக்குக் காய்ச்சல் இல்லை. ஒருநாள் உடம்புவலி, நாலுநாள் இருமல். ஊரில் அந்த மாதம் பாதிப் பேருக்கு அதுதான்.

பண்ணைக்குள் போவது ஆஸ்பத்திரி அறைக்குள் போவதைவிடக் கஷ்டம். வெளி உடுப்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, தலைக்குக் குளித்து, மறுபக்கக் கதவு வழியாகப் போய்ப் பண்ணை உடுப்பும் ரப்பர் பூட்ஸும் மாஸ்க்கும் போட வேண்டும். குளியலறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம், போன் செய்தால் போதும். செவ்வாய்க்கிழமை காலை கயிறக்கா அதைத் தாண்டித்தான் போனார். தொண்டையில் ஒரு கரகரப்பு. தீவனத் தூசியில் நிற்கிறவர்களுக்கு வருடம் முழுக்க இருக்கும் கரகரப்பு. அதற்காக யாரும் போன் செய்ததில்லை.

எண்ணத் தொடங்கும்போது வழக்கம்போல மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். பதினான்கு வருடமாக அப்படித்தான். மாஸ்க் போட்டிருந்தால் சொந்த மூச்சு காதில் இரையும், மெல்லிய இருமல் தப்பிவிடும். சரியாக எண்ண வேண்டும் என்பதற்காக அந்த மூன்று நிமிடம் மட்டும் மாஸ்க் கீழே இருக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில் அவருக்கே இருமல் வந்தது. மூன்று முறை. மூன்று முறையும் விரல் தானாக அழுத்தியது. முடிவில் கருவி 5 என்றது. பன்றிகள் இருமியது இரண்டு. தப்பான எண்ணை எழுத மனம் வரவில்லை. 5 – 3 என்று எழுதிவிட்டு, பேனாவைச் சொருகி, அடுத்த கொட்டகைக்குப் போவதற்குள் இருமல் அடங்கட்டும் என்று கதவருகே கொஞ்சம் நின்றார். இருமல் அடங்கவில்லை. அன்று நான்காம் கொட்டகையோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் நூற்று இரண்டு காய்ச்சல்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. கொட்டகைகளைக் குழாய் வைத்துக் கழுவுகிறவர், பெயரே தண்ணிக்காரர். கயிறக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். கயிறக்கா இல்லாத நாளில் எண்ணும் வேலை இவர் தலையில்.

"தங்கச்சி, நாலாம் கொட்டகையில அறுபத்தொண்ணு."

"என்ன அறுபத்தொண்ணு? வயசா?"

"இருமல். அறுபத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விரல் மரத்துப்போச்சு."

"மூணு நிமிஷத்துலயா?"

"ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நாய்ப் பண்ணைக்குள்ள வந்துட்டேனோன்னு பார்த்தேன். அப்படிக் குரைக்குது. தீவனம் அப்படியே கிடக்கு. ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு படுத்திருக்குதுங்க."

"காது கிழிஞ்சது?"

"அதுவும்தான். என் மேலயே தும்மிடுச்சு, மரியாதை கெட்டது."

கயிறக்கா போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பயமோ துக்கமோ வரும் என்று நினைத்தார். வரவில்லை. கட்டைவிரல் மட்டும் இரண்டு தடவை அசைந்தது, பக்கத்து அறையில் கண்டக்டர் இருமினார்.

திங்கள்கிழமை காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆன பிறகு வேலைக்குப் போனார். குளித்து, உடுத்தி, நான்காம் கொட்டகைக் கதவைத் திறந்தபோதுதான் ஒன்று புரிந்தது. வாசனை இல்லை. பதினான்கு வருடமாகத் தலைமுடியிலும் நகத்திலும் கூடவே வீட்டுக்கு வந்த நாற்றம், கதவைத் திறந்தால் முகத்தில் அறையும் நாற்றம், சுத்தமாகக் காணோம். காய்ச்சல் மூக்கைக் கொன்றுவிட்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்ப்பதுபோல் இருந்தது கொட்டகை. பன்றிகள் இருமுகின்றன, வயிறு குலுங்குகிறது, சளி ஒழுகுகிறது, எதுவும் அவரிடம் வந்து சேரவில்லை.

சூப்பர்வைசர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"நாளைக்கு ஆய்வகத்துல இருந்து டாக்டர் வர்றாங்க. இது என்னக்கா, அஞ்சு மைனஸ் மூணு?"

"மூணு நான் இருமினது சார்."

அவர் கதவைச் சாத்தினார். "புது அட்டை தர்றேன். மொத்தத்தையும் பார்த்து எழுதிடுங்க. அந்த இடத்துல ரெண்டுன்னு போடுங்க."

கயிறக்கா அவர் கையிலிருந்த பழைய அட்டையை வாங்கிக்கொண்டார்.

"பொய்யே கிடையாதுக்கா. பன்னிங்க இருமினது ரெண்டுதானே? அஞ்சுல மூணு போனா ரெண்டுதானே? நான் என்ன இல்லாததையா எழுதச் சொல்றேன்? பன்னிக்குச் சளி வர்றது புதுசா? ஒரு வாரத்துல போயிடும். மனுஷங்க கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒவ்வொருத்தரையும் தோண்டுவாங்க. கொட்டகையவே மூடுவாங்க."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. கயிறக்கா புது அட்டையை வாங்கி முட்டியில் வைத்து, பிப்ரவரியிலிருந்து எழுதத் தொடங்கினார். 2, 1, 2, 0, 2. மார்ச் 11 வந்தது. பேனா நின்றது.

"ரெண்டுன்னு எழுதினா ரெண்டு பன்னி இருமிச்சுன்னு அர்த்தம் சார்."

"ஆமா."

"நான் உள்ள வரலைன்னும் அர்த்தம் ஆயிடும்."

பழைய அட்டையை ஆணியில் திரும்ப மாட்டினார். பெரிய முடிவு எடுத்த மாதிரி அவருக்குத் தோன்றவில்லை. ஓடுகிற பட்டையில் விரிசல் பாட்டில் வந்தால் விரல் அழுத்தும், அவ்வளவுதான். சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். கிழிக்க அவருக்கும் கை வரவில்லை.

மறுநாள் வந்த டாக்டர் ஒரு பெண். அட்டையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தவர், அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

"எண்ணும்போது இறக்கிடுவேன்."

"ஏன்?"

"மூச்சுச் சத்தம் காதுல விழும். எண்ணிக்கை தப்பிடும்."

டாக்டர் அதற்குக் கோபப்படவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கயிறக்காவை உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்காரவைத்து மூக்கில் பஞ்சு விட்டார், ரத்தம் எடுத்தார். அன்று காலையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணிக்காரரையும் விடவில்லை.

"மூக்குக்குள்ள இவ்வளவு தூரம் இடம் இருக்கா டாக்டர்? இத்தனை நாள் வாடகைக்கு விட்டிருக்கலாமே."

"அசையாதீங்க. எப்போல இருந்து சளி?"

"நேத்து சாயங்காலம். அந்தக் காது கிழிஞ்ச பயதான் குடுத்தான். நான் போலீசுக்கு வேணும்னாலும் சொல்றேன்."

கயிறக்கா கேட்டார். "என்கிட்ட இருந்தா பன்னிக்குப் போச்சு? மனுஷ சளி மனுஷனோட நிக்காதா?"

டாக்டர் குழாய்களில் பெயர் எழுதிக்கொண்டே சொன்னார். "ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள்ள நுழைய வாசல் வேணும். பறவையோட குடல்ல இருக்கற வாசல் ஒரு மாதிரி. நம்ம மூக்கு, தொண்டையில இருக்கறது வேற மாதிரி. அதனால வாத்துக்கு வர்றது நமக்கு லேசுல வராது, நமக்கு வர்றது வாத்துக்கு வராது. பன்னியோட மூச்சுக்குழாய்ல ரெண்டு வாசலும் இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லுங்க" என்றார் தண்ணிக்காரர்.

"அப்படித்தான். எல்லா ஊர் வண்டியும் வரும். பன்னிகிட்ட இருந்து நமக்கு வர்றதைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. உண்மையில நாம பன்னிக்குக் குடுக்கறதுதான் ஜாஸ்தி."

"குடுத்தா?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு வாரம் இருமிட்டு எழுந்திருச்சிடும். பிரச்சினை, ஏற்கனவே உள்ள வேற ஒரு வைரஸ் இருந்தா." டாக்டர் நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே பண்ணை உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. "அந்தக் கொடியில ரெண்டு குடித்தனத்துத் துணி காயுதுன்னு வச்சுக்குங்க. வீட்டுக்கு எட்டு. திடீர்னு மழை. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஓடி வந்து ஆளுக்கு எட்டா அள்ளிட்டு ஓடறாங்க. உள்ள போய்ப் பார்த்தா அவங்க சட்டை இவங்க மூட்டையில. ஃப்ளூ வைரஸோட மரபணு எட்டுத் துண்டு. ரெண்டு வைரஸ் ஒரே செல்லுக்குள்ள மாட்டிக்கிட்டா இதேதான். வெளிய வர்றது ரெண்டுமே இல்லாத மூணாவது ஒண்ணு."

"நம்ம பன்னிங்ககிட்ட ஏற்கனவே எதுவும் கிடையாதே. நான் எண்ணிட்டுத்தானே இருக்கேன்."

"ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, பூஜ்யம், ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே. அந்த ரெண்டு எதனாலன்னு நினைச்சீங்க?"

"தூசி."

"இருக்கலாம்."

டாக்டர் பெட்டியை மூடினார். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னார். முடிவு வரப் பத்து நாள் ஆகும். கயிற்று எச்சிலில் மனிதரின் வைரஸ் மட்டும் இருந்தாலோ, பன்றியின் பழைய வைரஸ் மட்டும் இருந்தாலோ பன்றிகள் இருக்கும். புதிதாகக் கலந்தது இருந்து, அது ஆளுக்கும் தொற்றியிருந்தால் துறையிலிருந்து கொட்டகையைக் காலி செய்ய ஆணை வரும்.

"காலின்னா?" என்றார் கயிறக்கா, தெரிந்தே.

"காலிதான்" என்றார் டாக்டர்.

அந்தப் பத்து நாள் கயிறக்கா வேலைக்குப் போனார், வந்தார். மாஸ்க்கை இறக்கவில்லை. சொந்த மூச்சின் இரைச்சலுக்குள்ளேயே எண்ணினார். 18ஆம் தேதி 74. 21ஆம் தேதி 33. 25ஆம் தேதி 4. பன்றிகள் எழுந்து தீவனத் தொட்டியை முட்டின. காது கிழிந்தது கயிற்றைத் தேடி வந்து, கயிறு இல்லாததால் அவருடைய பூட்ஸை மென்றது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மென்று முடிக்கட்டும் என்று நின்றார்.

வீட்டில் ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கருகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

"தெருமுனை வரைக்கும் நாறுது. உனக்குத் தெரியலையா?"

"மூக்கு செத்துப்போச்சுன்னு சொன்னேனே."

"பதினாலு வருஷமா உன் வேலை நாத்தத்தை நான் மோந்துட்டிருக்கேன். இப்ப உனக்கே எதுவும் நாறலை. கொடுத்து வச்சவ." கயிறக்கா சிரிப்பார் என்று பார்த்தார். சிரிக்காததால் பாத்திரத்தை எடுத்துப் போய்த் தேய்க்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, அது என்கிட்ட இருந்துதானே உனக்கு வந்துச்சு?"

"ஆமா."

"எனக்கு எந்த ஸ்டாப்புல ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த ஆள் பாட்டுக்கு இருமிட்டு எறங்கிப் போயிருப்பான். இல்ல?"

"போயிருப்பான்."

அவர் பாத்திரத்தைத் திருப்பி அடிப்பக்கம் தேய்த்தார். கரி போகவில்லை.

கயிறக்கா அழுகை வருமா என்று தன்னையே ஒருமுறை சோதித்துப் பார்த்தார். வீட்டுச் சாவியைத் தேடும்போது பையின் ஒவ்வொரு அறையிலும் கைவிட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. எந்த அறையிலும் இல்லை. அப்புறம் தேடுவதை விட்டுவிட்டார். மகளிடமிருந்து போன் வந்தபோது, உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, தேவலை என்றார். அது உண்மைதான். உடம்பு தேவலையாகிவிட்டது.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை டாக்டர் காகிதத்தோடு வந்தார். அதே பெஞ்ச். கயிறக்கா, தண்ணிக்காரர், சூப்பர்வைசர். தண்ணிக்காரருக்கு ஐந்து நாள் காய்ச்சலடித்து விட்டிருந்தது. ஆள் இளைத்திருந்தார், வாய் இளைக்கவில்லை.

டாக்டர் வாசித்தார். எட்டுத் துண்டுகளில் ஆறு, பன்றியுடையவை. பண்ணையில் யாருக்கும் தெரியாமல் பல மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய வைரஸ். அந்த ஆறிலும் இரண்டு, என்றைக்கோ ஒரு பறவையிடமிருந்து வந்து தங்கிவிட்டவை. மீதி இரண்டு துண்டுகள் மனிதருடையவை. கயிறக்காவின் மூக்கிலிருந்து எடுத்ததோடு அப்படியே பொருந்துகின்றன.

"வெளியில போட்டிருக்கற சட்டை ரெண்டும் உங்களோடது" என்றார் டாக்டர். "உள்ள இருக்கறது எல்லாம் பன்னியோடது. இதே கலவைதான் இவரோட மூக்குலயும் இருந்துச்சு."

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் தண்ணிக்காரர். "அந்தக் காது கிழிஞ்சவன்தான்." அவரே தொடர்ந்தார். "தங்கச்சி அஞ்சுல மூணைக் கழிச்சுது. அதுங்க திரும்பக் கூட்டிடுச்சுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

சூப்பர்வைசர் கேட்டார். "இப்ப எல்லாம் தேறிடுச்சே டாக்டர். தீவனம் காலி பண்ணுது. இறைச்சியில பரவாதுன்னு போன்ல நீங்களே சொன்னீங்க. இன்னும் ரெண்டு மாசம் வச்சிருந்து எப்பவும் போல அனுப்பலாமே?"

"இறைச்சியில பரவாது. ஆனா நானூத்துல ஒண்ணு ரெண்டு இன்னும் உள்ள வச்சிருந்தா? பக்கத்துக் கொட்டகைக்குப் புதுக் குட்டிங்க வருது. வண்டியில ஏத்தறவங்க, இறக்கறவங்க. இவர் பொழைச்சிட்டார். அடுத்த ஆள் எப்படின்னு எனக்குத் தெரியாது. இந்த மாதிரி சட்டை மாத்தினது மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்குப் போகக் கத்துக்கிச்சுன்னா அப்புறம் கொட்டகை கணக்குல நிக்காது." காகிதத்தை மடித்தார். "ஆணை வந்தாச்சு. திங்கள்கிழமை."

சூப்பர்வைசர் கயிறக்காவைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தால் அவர் பார்வையில் அது இல்லை. அந்தப் புது அட்டை, பாதி எழுதியது, இன்னும் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது.

"நான் ரெண்டுன்னு எழுதியிருந்தா?" என்றார் கயிறக்கா.

டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "சாதாரணப் பன்னிச் சளின்னு நினைச்சிருப்பேன். கயித்து எச்சிலை எடுத்துட்டுப் போயிருப்பேன், உங்க மூக்கைப் பார்த்திருக்க மாட்டேன். இவரோட மூக்கையும்."

"பன்னிங்க இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். அந்தக் கலவையும் கூடவே இருந்திருக்கும்."

ஆணையோடு ஒரு படிவமும் வந்திருந்தது. காலி செய்வதற்கு முன் கடைசியாக ஒருமுறை இருமலை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே போகத் தகுதியானவர்கள் இரண்டே பேர், ஏற்கனவே அதே வெளிச் சட்டை போட்ட சளி வந்து போனவர்கள். டாக்டர் இருவரையும் பார்த்தார். தண்ணிக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றார் கயிறக்கா. "எண்ணுறது என் வேலைதானே."

சனிக்கிழமை காலை 8.40. குளித்து, உடுத்தி, மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு உள்ளே போனார். கையைத் தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டும் எழுந்து நின்றன. ஒரு நிமிடம் பொறுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணத் தொடங்கினார்.

முதல் நிமிடம், உறுமல், தண்ணீர்க் குழாய்ச் சத்தம், கம்பியில் உரசும் முதுகுகள். இரண்டாம் நிமிடம், கூரை மேல் ஏதோ பறவை நடந்தது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. பாட்டில் தொழிற்சாலையில் சில நாள் மாலைவரை ஒரு விரிசல்கூட வராது. அந்த நாட்களில்தான் விரல் அதிகம் வலிக்கும். மூன்றாம் நிமிடம் மாஸ்க்குக்குள் தன் மூச்சு போய் வருவது கேட்டது. காது கிழிந்தது வந்து பூட்ஸை முகர்ந்தது. ஒன்றுகூட இருமவில்லை. எண்ணி முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றாவது இருமட்டும் என்று. அப்படி ஒரு நினைப்பு எதற்கு வந்தது என்று பிறகும் அவருக்கு விளங்கவில்லை.

அட்டையில் எழுதினார்: மார்ச் 29, 8.40. இருமல்: 0.

படிவத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. டாக்டர் கதவுக்கு வெளியே நின்று போட்டார். பழைய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, இதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். எடுத்துப் போகலாம் என்றார் கயிறக்கா. ஆணி வெறுமனே நின்றது.

வெளியே தண்ணிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எத்தனை தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது பின் இருக்கையில் யாரோ தொடர்ந்து இருமிக்கொண்டு வந்தார்கள். கயிறக்காவின் கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் அசையவில்லை.

வண்டிகள் திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வரும். நான்காம் கொட்டகையைத் தண்ணிக்காரர் இரண்டு நாள் கழுவுவார், இருபத்தெட்டு நாள் காலியாகக் கிடக்கும். மே மாதம் புதுக் குட்டிகள் வரும்போது தொங்கப்போகும் அட்டை அச்சாகி வந்துவிட்டது. அதில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: எண்ணுபவரின் இருமல்.